காளை மட்டும் இல்லை

தஞ்சைப் பெரிய கோயிலில் தரிசனம் முடிந்ததும் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பார்த்தபடி நடந்தோம். நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும் என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார் ராஜராஜன். அக்கன் என்றால் குந்தவை. தந்த செப்புத் திருமேனிகளின் உயரம்கூட முழம், விரல் கணக்கில் இருக்கிறது. கொடுத்த நொடியிலிருந்து அது சுவாமி சொத்து, பிறகு அரசனே வந்தாலும் கை வைக்க முடியாது. கணக்கு அவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். அங்கேதான் செப்புத் திருமேனியாகத் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன், நிற்கிறார். 1011-ல் கோலக்கவன் என்பவர் இவரை எழுந்தருளச் செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மறு வருஷம் பக்கத்தில் அம்பாளும் வந்தாள். எப்போதோ மண்ணுக்குள் போனவர், 1951-ல்தான் வெளியே வந்தார். நூற்றாண்டுக் கணக்கில் பால், சந்தனம், விபூதி என்று அபிஷேகம் காணும் உற்சவர்களுக்கு மூக்கும் கண்ணும் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். இவருக்கு அப்படியில்லை. தலைப்பாகை போல் சுற்றிய ஜடையில் ஒவ்வொரு புரியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு கை மட்டும் மடங்கி, அந்தரத்தில் எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. அந்தக் கைக்குக் கீழே இருந்த காளை கிடைக்கவில்லை.

அம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். "அம்மா, இங்க பூ வைக்கக் கூடாதும்மா" என்றார் காவலர், தணிந்த குரலில். அவர் சொன்னதில் தப்பில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான் இங்கே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தோளில் ஏறி வீதி உலா போகப் பிறந்தவர் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அம்மா சரத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் திருவெண்காடு. முக்குளத்திலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு, சுவேதாரண்யேசுவரரையும் அகோரமூர்த்தியையும் சேவித்தோம். புதன் சன்னதியில் நல்ல கூட்டம். அன்று பிரதோஷம். சாயங்காலம் நாதஸ்வரம் முன்னே போக, ரிஷப வாகனத்தில் சுவாமி பிராகாரம் வலம் வந்தார். வாடத் தொடங்கியிருந்த அந்த மல்லிகையைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு அம்மா என் காதருகில் சொன்னார்: "காளை இங்கயேதான்டா இருக்கு. அவர்தான் அங்க போய் நிக்கறார்."