லார்ஸ் இன்னும் திறக்கவில்லை

ஜனவரி 9

ரஷ்யாவிலிருந்து ஜார்ஜியா வழியாக ஆர்மேனியாவுக்கு வரும் மலைப்பாதையின் எல்லைச் சாவடி லார்ஸ். அதை மூடிவிட்டார்கள். பனிச்சரிவு அபாயமாம். தாத்திக் (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் வீட்டுக்காரம்மா, இடுப்பெலும்பு முறிந்து யெரெவான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடைய மகன் ரஷ்யப் பக்கம் விளாடிகாவ்காஸில் நிற்கிறார், காரிலேயே தூக்கம். "அம்மாவிடம் சொல்லாதே" என்றார். அவர் கிராஸ்னதாரிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை என்று சொல்லிவைத்தேன். அது அதைவிட மோசமான பொய் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. தாத்திக் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் மட்டும்தான் திரும்புகிறது, இடுப்பு திரும்பாது.

வீட்டுக்கு வந்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருக்கும் என்று தெரியும். இருந்தும் தினமும் வைக்கிறேன்.

ஜனவரி 10

இடுப்பெலும்பு முறிந்த வயதானவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் மேஜையில் ஏற்ற வேண்டும் என்று போன செமஸ்டர் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இன்று ஐந்தாவது நாள்.

அரசு கணக்கில் சேர்க்க ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு ஒரு மருத்துவக் குழு உட்கார வேண்டும், இங்கே அதற்குக் கமிஷன் என்று பெயர். பண்டிகை விடுமுறைக்குப் பிறகு கமிஷன் இன்னும் உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் செயற்கை மூட்டு நம் செலவுதான். மூன்று விலையில் காட்டினார்கள், செல்போன் கடையில் மாடல் காட்டுவது போல. பணத்தை மகன் கையில் கொண்டுவருகிறார். கை லார்ஸுக்கு அந்தப் பக்கம்.

தாத்திக் சிரிக்கிறார். "அந்தக் காலத்தில் பில் கிடையாது, டாக்டருக்கு ஒரு பாட்டில் கோன்யாக் பிராந்தி கொடுத்தால் போதும். இப்போது பில்லும் உண்டு, கோன்யாக்கும் உண்டு." சொல்லிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் துணி சுற்றி ஒரு பாட்டில் இருக்கிறது, நாளைக்கு எடுத்து வா என்றார். கேலி பேசிய அதே வாயால்.

ஜனவரி 11

கொடுத்தேன். டாக்டர் வேண்டாம் என்றார். மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 14, ஞாயிறு

அப்பா பேசினார். "ஏம்மா, அந்தம்மாகிட்ட கேட்டியா?"

மூன்று வருஷமாக இதே கேள்வி. எது நல்லா இருந்துச்சு, சோவியத் இருந்த அப்பவா இப்பவா. பதில் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது, கீழே ஒரு கையெழுத்துதான் பாக்கி. எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் லெனின் தேர்வு நூல்கள் பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கும். சரஸ்வதி பூஜைக்கு அம்மா அதற்கும் பொட்டு வைத்துவிட்டு வாங்கிக்கட்டிக்கொள்வாள்.

1988 டிசம்பரில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் உண்டியல் ஏந்தி ஆர்மேனிய நிலநடுக்க நிதி வசூலித்தவர் அப்பா. அதனால் இந்த நாட்டின் மேல் அவருக்கு ஒரு பாத்தியதை. டிசம்பர் 7, காலை 11.41. ஸ்பிதாக், லெனினாகான், கிரோவாகான் என்று தூத்துக்குடி, திருநெல்வேலி போல ஊர் சொல்வார். லெனினாகான் இப்போது கியூம்ரி என்றால் "பேரை மாத்திட்டா ஆச்சா" என்பார். சுமார் 25,000 பேர் செத்தார்கள். அப்பாவுக்கு அது இயற்கையின் வேலை. தாத்திக்கின் தங்கை லெனினாகானில் ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் இருந்தவள். அவருக்கு அது சிமெண்டின் வேலை. மூட்டையை விற்றுத் தின்றார்கள், திட்டக் கணக்குக்கு மாடியை ஏற்றினார்கள் என்கிறார். அந்த ஒன்பது மாடிகள்தான் வரிசையாக உட்கார்ந்தன.

இரண்டு வருஷத்தில் கட்டித் தருவோம் என்றது மாஸ்கோ. மூன்றாவது வருஷம் அந்த அரசே இல்லை. கிரேன்கள் பாதியில் நின்றன. தற்காலிகம் என்று கொடுத்த இரும்புப் பெட்டி வீட்டுக்கு இங்கே தோமிக் என்று பெயர். அதிலேயே பிறந்து, கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. பிறகு வந்து கட்டியவர்களில் கிர்க் கெர்கோரியானின் அறக்கட்டளையும் ஒன்று. லாஸ் வேகாஸில் சூதாட்ட ஹோட்டல்கள் கட்டிச் சம்பாதித்த அமெரிக்க ஆர்மேனியர் அவர். அப்பாவிடம் சொன்னேன்.

"அது தர்மம்மா. உரிமை இல்ல."

சரிதான். பதில் சொல்லத் தெரியாமல், மாத்திரை போட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கியது. இங்கத்திய உருண்டை அரிசி கூழாகிவிட்டது. கராபாக்கின் ஸ்தெபானகெர்ட்டிலிருந்து அகதிகளாக வந்த கீழ்வீட்டுப் பிள்ளைகள் ஜாம் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

ஜனவரி 17

சன்னலின் மேல் மூலையில் ஒரு கண்ணாடிக்குப் பதில் தகரம் அடித்திருக்கும், நடுவில் வட்டமாக ஒட்டுப் போட்டிருக்கும். குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஏதோ உடைசல் என்று நினைத்திருந்தேன். அடுப்புக் குழாய் போன ஓட்டை அது என்று இன்றுதான் தெரிந்தது. எதிர் பிளாக்கிலும் இரண்டு வீட்டில் இருக்கிறது. இனி அது மட்டும்தான் கண்ணில் படும்.

92 முதல் 95 வரை. "மூத் யெவ் த்சுர்த் தாரினெர்" என்கிறார்கள், இருட்டும் குளிருமான வருஷங்கள். மின்சாரம் நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி. அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. ராத்திரி மூன்றுக்கு வந்தால் மூன்றுக்கு எழுந்து சமைப்பது, துவைப்பது, இஸ்திரி. மெத்சமோர் அணுமின் நிலையத்தை நிலநடுக்கத்துக்குப் பிறகு பயந்து 1989-இல் மூடியிருந்தார்கள். கராபாக் மலைப்பகுதிக்காக அஜர்பைஜானோடு போர். அஜர்பைஜான் பக்கம் ரயிலும் கேஸும் நின்றது, 1993-இல் துருக்கியும் எல்லையை மூடியது. ஜார்ஜியா வழியாக வந்த கேஸ் குழாயை அடிக்கடி யாராவது வெடி வைத்து உடைத்தார்கள். சோவியத் கட்டிய வீடுகளில் அடுப்பு மூட்ட இடமே கிடையாது. பேட்டைக்கு ஒரு கொதிகலன், அங்கிருந்து குழாய், குழாயில் ரேடியேட்டர். கொதிகலன்கள் நின்றதும் பத்து லட்சம் பேர் வாழும் நகரம் ஒரே நாளில் காங்கிரீட் குகை. ஆக, இந்த ரேடியேட்டர் முப்பது வருஷமாகச் செத்துக் கிடக்கிறது. நான் தினமும் நாடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பூங்கா மரங்கள் போயின. அப்புறம் தரைப் பலகை. அப்புறம் புத்தகம்.

"லெனின் 55 தொகுதி. நல்ல தாள், நின்று எரிந்தது. அட்டைதான் புகை" என்றார் தாத்திக். அட்டைகளைத் தனியே உரித்து வைத்தாராம். வீட்டுக்கு வந்து மருந்து டிராயரைத் திறந்து பார்த்தேன். அடியில் விரித்திருப்பது அதுதான். மாத்திரை அட்டைகளைத் தூக்கினால் கருநீலத்தில் பொன்னெழுத்து.

அப்பாவிடம் சொல்லப்போவதில்லை.

சேமிப்பு வங்கியில் ஒரு ஜிகுலி காருக்கான ரூபிள் இருந்தது. 1993 நவம்பரில் ஆர்மேனியாவின் சொந்த நாணயமான திராம் வந்தபோது 200 ரூபிளுக்கு ஒரு திராம். அதற்குள் விலைவாசி தின்றது போக மிஞ்சியதும் இப்படிப் போனது. மெர்கெல்யான் நிறுவனத்தில் நயிரி கம்ப்யூட்டர்களுக்குப் பற்றுவைத்த கை, வெர்னிசாஜ் சந்தையில் துணி விரித்து, கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணங்களை விற்றது. பக்கத்துத் துணியில் அவருடைய பிரிவுத் தலைவர், ஸ்குரூ டிரைவர் செட்டோடு.

"அதுதான் முதலாளித்துவமா, தாத்திக்?"

"அது முற்றுகை, ஜான்." (கண்ணு என்பது போல.) " முதலாளித்துவம் அப்புறம் வந்தது, ஜீப்பில்."

ஜனவரி 18

நாலு மணி நேரம் திறந்தார்கள். வரிசை நகர்வதற்குள் மூடிவிட்டார்கள்.

ஜனவரி 20

மீன் சூப் கேட்டார். இஷ்கான் என்று ஆசைப்பட்டார். சிக் வாங்கினேன், அதுதான் கட்டுப்படியாகும்.

இஷ்கான் என்றால் இளவரசன். செவான் ஏரியின் சொந்த மீன். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் என்று சோவியத் பொறியாளர்கள் ஏரியை இறக்கினார்கள், கிட்டத்தட்ட 20 மீட்டர். தீவில் இருந்த பழைய மடம் இன்று தீபகற்பத்தில் நிற்கிறது, பஸ்ஸில் போய் இறங்கலாம். இஷ்கான் முட்டையிட்ட கரையெல்லாம் காய்ந்தது. சிக் ரஷ்ய ஏரியிலிருந்து அவர்கள் கொண்டுவந்து விட்ட மீன். பிறகு தப்பு புரிந்து, 48 கிலோமீட்டர் மலையைக் குடைந்து 1981-இல் அர்ப்பா ஆற்றைச் செவானுக்குத் திருப்பியதும் அவர்களே. இருட்டு வருஷங்களில் விளக்கெரிய மறுபடி ஏரியைத்தான் திறந்துவிட்டார்கள். பட்டினிக்கும் அந்த ஏரிதான், சிக்கையும் அரித்தெடுத்தார்கள். இப்போது கரையில் ரெஸ்டாரண்டுகள்.

பாதி சூப்தான் குடித்தார். உப்பில்லை என்றார். ஆஸ்பத்திரியில் உப்பு தரமாட்டார்கள்.

இடது குதிகாலில் சிவப்பு. நர்ஸ் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவதாக எழுதி வைத்திருக்கிறார். எழுத்து மட்டும் புரள்கிறது.

ஜனவரி 22

மூன்றாம் மாடிக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் செருப்போடு உள்ளே நடந்தார், சுவரைத் தட்டினார், ஓட்டை போட்ட சன்னலைப் பார்த்தார். "நல்ல விலை வரும். 2022-இல் ரஷ்யர்கள் வந்தபோது விற்றிருந்தால் இன்னும் வந்திருக்கும்." தாத்திக்கின் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

இந்த இரண்டு அறைக்காகத் தாத்திக்கும் அவருடைய கணவரும் வருஷக்கணக்கில் வரிசையில் இருந்தார்கள். 1978-இல் சாவி. வாடகை என்று பேருக்கு ஏதோ. ஆனால் சொந்தமில்லை, விற்க முடியாது. 90-களில் ஒரு தாள் கொடுத்து உங்களுக்கே சொந்தம் என்றார்கள், காசு வாங்காமல். அன்றைக்கு வீட்டில் ரொட்டி இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தார்களாம். ஒரு அரசு கொடுத்தது, இன்னொரு அரசு சொந்தமாக்கியது, இப்போது ஒரு எலும்புக்காக விற்கவா வேண்டாமா என்று செருப்புப் போட்ட ஆள் கணக்குப் போடுகிறார்.

நான் இதில் நியாயஸ்தி இல்லை. விற்றால் எனக்கு இடம் போய்விடும். இவ்வளவு குறைந்த வாடகைக்கு எங்கே கிடைக்கும்? முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன், கோவில்பட்டி என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. உடனே வாடகையைக் குறைத்தார். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794-இல் மெட்ராஸில் அச்சானதாம். அதற்கும் முன்னால், நாடே இல்லாத காலத்தில், வருங்கால ஆர்மேனியாவுக்கு அரசர் இல்லாத ஓர் அரசியல் சட்டம் எழுதி அங்கே அச்சிட்டார் ஷாஹமீர் ஷாஹமீரியான். பெரும் பணக்கார வியாபாரி. அப்பாவுக்குக் கேட்டதும் பெருமை, வியாபாரி என்றதும் சுருதி இறங்கியது.

கீழ்வீட்டில் ஏழு பேர். 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் கராபாக்கைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த லட்சம் பேரில் அவர்களும். அவர்களிடமும் ஒரு வீட்டுத் தாள் இருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காட்டினார் அந்த அண்ணன். வீடு ஸ்தெபானகெர்ட்டில்.

ஜனவரி 23

காய்ச்சல், 38.6. வலது நுரையீரலின் அடியில் சத்தம். நான்தான் முதலில் கேட்டேன்.

ஜனவரி 25

காய்ச்சல் இறங்கியது. பேசினார், நிறுத்தாமல். நிறுத்தச் சொல்ல மனசில்லை.

தாத்திக்கின் அப்பா பெய்ரூத் தையற்காரர். 1915 ஆர்மேனிய இனப்படுகொலைக்குப் பிறகு அனாதை விடுதியில் வளர்ந்தவர். தாய்நாடு கூப்பிடுகிறது என்று 1947-இல் தையல் மிஷினோடு கப்பல் ஏறி சோவியத் துறைமுகமான பத்தூமியில் இறங்கினார். 46-இலிருந்து 48-க்குள் அப்படி வந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர். இங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. போட்டோ அனுப்புகிறேன், நின்றுகொண்டிருந்தால் நீங்களும் வாருங்கள், உட்கார்ந்திருந்தால் வராதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினானாம் ஒருவன். வந்த போட்டோவில் தரையில் படுத்திருந்தானாம். இதைச் சொல்லித் தாத்திக் சிரித்தபோது இருமல் பிடித்துக்கொண்டது.

1949 ஜூன் 14 ராத்திரி கதவைத் தட்டினார்கள். சரக்கு ரயில், சைபீரியாவின் அல்தாய். குற்றம் என்னவென்று கடைசிவரை தெரியாது. தாத்திக் பிறந்தது அங்கேதான், 1951-இல். ஸ்டாலின் செத்து மூன்று வருஷம் கழித்துத் திரும்பினார்கள். அப்புறம்? அதே அரசு பள்ளிக்கூடத்தில் போட்டது, இயற்பியல் படிக்க வைத்தது, கம்ப்யூட்டர் செய்யும் இடத்தில் வேலை கொடுத்தது. தையற்காரர் மகள், எழுபதுகளில்! எங்கள் ஆச்சி அப்போது தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ந்த வரிசையில்தான் அவர் சொல்கிறார். "ஆனால்" என்று எங்கேயும் போடுவதில்லை. நான்தான் எழுதும்போது போடுகிறேன்.

ஜனவரி 27

கேட்டுவிட்டேன். அப்பாவுக்காக இல்லை.

"எந்த வருஷத்தைக் கேட்கிறாய்?" என்றார்.

நான் விழித்தேன். அவரே விரல் மடக்கினார். 49. அப்புறம் 65, ஏப்ரல் 24, பதினாலு வயசுப் பெண், கூட்டத்தோடு முதல்முறை தெருவில் நின்று 1915-இல் செத்தவர்களுக்காகக் கத்தியது. 78, சாவி. 88. 93. 2018, அரசை இறக்கிய போராட்டம், அதே தெரு, இந்தத் தடவை பேரக்குழந்தை வயசுப் பிள்ளைகளோடு, பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு. ஏழாவது விரலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"உன் அப்பாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தி மூணு."

"சின்னப் பையன். த்ஸாவ்த் தானெம்." உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். காய்கறிக்காரர்கூடச் சொல்வார். இருந்தாலும் அந்தக் கட்டிலிலிருந்து அதைக் கேட்க முடியவில்லை. வெளியே போய் நின்றேன்.

ஜனவரி 28

அப்பாவிடம், கேட்கவில்லை என்றேன்.

ஜனவரி 29

லார்ஸ்!

காலை ஏழு மணிக்குத் திறந்தது. மதியம் திபிலிசி. இரவு 9.20-க்கு மகன் உள்ளே வந்தார், தாடியும் பெட்ரோல் வாடையுமாக. பணத்தை மேஜையில் வைத்து இரண்டு முறை எண்ணினோம். நடு மாடல் மூட்டுக்குச் சரியாக இருக்கிறது. வீட்டை விற்கும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தூங்கப் போகும்முன் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தார்.

நாளை காலை எட்டரைக்கு மேஜை. மூக்குக் கண்ணாடி, கம்பளிக் காலுறை, பாஸ்போர்ட், அந்தக் கமிஷன் தாள். அலமாரிக்குப் பின்னால் கை விட்டுத் துழாவினேன். ஒரே ஒரு பாட்டில்தான் இருந்திருக்கிறது. முனைக் கடை பதினொன்று வரை திறந்திருக்கும், ஓடிப்போய்