மூன்றாம் தளத்தில் இருந்தவர்கள்

டோக்கியோவில் வேலை முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. கூட வந்தவர்கள் ஃபூஜி மலைப் பக்கம் கிளம்பினார்கள். நான் யோகோஹாமாவுக்கு ரயில் ஏறினேன். அந்தத் துறைமுகத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியிலிருந்தே மனதில் இருந்தது.

அந்த மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. என் சித்தி பையனுக்கு உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையலறை வேலை. அவன் இருந்தது வேறு கப்பல், வேறு கடல். ஆனாலும் கொரோனா பரவியதால் யோகோஹாமாவில் நிறுத்தி வைத்திருந்த டயமண்ட் பிரின்சஸ் உல்லாசக் கப்பலை டிவியில் காட்டும்போதெல்லாம் சித்தி கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். 132 பேர் ஊழியர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

நிஹோன் ஓடோரி நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் ஓசன்பாஷி. பயணிகள் கப்பல் வந்து நிற்கும் துறை இது. மேல்தளம் முழுக்க மரப்பலகை, மேடும் சரிவுமாகப் போகிறது. ‘திமிங்கில முதுகு’ என்று செல்லப்பெயர். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், கடல்காற்று நன்றாக இருந்தது. எதிரே வெள்ளையாக பே பிரிட்ஜ் பாலம். அதைத் தாண்டித்தான் டைகோகு துறை, கப்பலை நிறுத்தி வைத்திருந்த இடம்.

ஜனவரி 20 அன்று யோகோஹாமாவிலிருந்துதான் கப்பல் புறப்பட்டது. இருமலோடு ஏறிய 80 வயதுப் பயணி ஒருவர் 25ஆம் தேதி ஹாங்காங்கில் இறங்கிவிட்டார். அவருக்குக் கொரோனா என்று உறுதியானது பிப்ரவரி 1 அன்று. அதற்குப் பிறகும் சில நாள் கப்பலில் விருந்தும் ஆட்டமும் வழக்கம்போல நடந்தன. 5ஆம் தேதி பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். மொத்தம் 3,711 பேரில் கடைசியில் 712 பேருக்குத் தொற்று. பரிசோதனையின்போது அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல் வருவதுதான். யாருக்கு என்றைக்குக் காய்ச்சல், எந்த அறை, பக்கத்துக் கட்டிலில் யார் என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்தார்கள். முதலில் தொற்று உறுதியான ஊழியர்கள் 20 பேரில் 15 பேர் உணவுப் பிரிவு. 16 பேருடைய அறை மூன்றாம் தளத்தில். உணவுப் பிரிவு ஆட்கள் தங்கும் தளம் அது. பயணிகளுக்குக் கதவைச் சாத்தியாயிற்று. அந்தக் கதவு வரைக்கும் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோக யாராவது நடக்க வேண்டுமே? நடந்தார்கள். வேலை முடிந்து இரண்டு பேர் படுக்கும் அறைக்குத் திரும்பினார்கள். அந்த அறை எப்படியிருக்கும் என்று சித்தி பையன் ஒருமுறை சொல்லியிருக்கிறான்: மேல் கட்டில், கீழ்க் கட்டில், சன்னல் கிடையாது. அடைத்து வைத்த பிறகு பயணிகளிடையே புதிதாக நோய்வாய்ப்படுவோர் எண்ணிக்கை இறங்கியது. ஊழியர்களிடையே அந்த அளவுக்கு இறங்கவில்லை. நோயைத் தடுத்த ஏற்பாட்டுக்குள் அவர்கள் ஒருநாளும் முழுதாக இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மதியம் கெய்க்யூ ரயிலில் நோகெந்தாய் போய், அங்கிருந்து நடந்து நாகஹாமா. இப்போது பூங்கா, ஒரு காலத்தில் யோகோஹாமா துறைமுகத்தின் தனிமைப்படுத்தும் நிலையம். 1899இல் 22 வயது மருத்துவர் நோகுச்சி ஹிதேயோ இங்கே வேலை பார்த்தார். அமெரிக்கா மாரு என்ற கப்பலில் ப்ளேக் நோயாளியைக் கண்டுபிடித்தவர். அவர் இருந்த கிருமிச் சோதனைக் கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். சின்னக் கட்டடம்தான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நோகுச்சி பின்னாளில் மஞ்சள் காய்ச்சலை ஆராயப் போய், 1928இல் ஆக்ராவில் அதே காய்ச்சலில் இறந்துபோனார். கானா நாட்டு ஆக்ரா, நம் தாஜ்மகால் ஊர் இல்லை.

திரும்பும் வழியில் தண்ணீர் வாங்கப் பர்ஸைத் திறந்தால் ஆயிரம் யென் நோட்டு இரண்டு இருந்தன. பழையதில் நோகுச்சி. 2024இல் வந்த புதியதில் கிடாசாட்டோ ஷிபாசாபுரோ. 1894இல் ஹாங்காங்கில் ப்ளேக் கிருமியைத் தேடிக் கண்டவர், நோகுச்சிக்கு மூத்தவர். நோயைத் துரத்திப் போனவர்களை நோட்டில் போடும் நாடு. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பழைய நோட்டைச் செலவு செய்ய மனம் வரவில்லை.

ராத்திரி ஓசன்பாஷி படத்தைச் சித்தி பையனுக்கு அனுப்பினேன். இப்போதும் கப்பலில்தான் இருக்கிறான். ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். “ரெண்டு தடவ இங்க வந்திருக்கேண்ணே. வைஃபை கிடைக்குற எடம் வரைக்கும் போய் அம்மாகிட்ட பேசிட்டுத் திரும்பிருவேன். மேல இப்படிப் பலகை போட்டு நடக்க எடம் இருக்குன்னு இப்பதான் பாக்குறேன்.”