பெட்டியா, காதா: ஜூலை நாட்குறிப்பு

ஜூலை 2

கோயிலுக்கான பிளைவூட் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டிலும் பசை காய்ந்து, 12 அங்குல வூஃபர்களும் ஹோர்ன்களும் ஏறிவிட்டன. புது வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைப்பதைப் போல, வலது பெட்டியை முதலில் டி.எஸ்.பி. என்னும் ஒலிச் செயலியில் இணைத்து, மைக்கை ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி, பொழுது சாயும்வரை அளந்து அளந்து ஒழுங்குபடுத்தினேன். தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ஹோர்னுக்கும் பிரிக்கும் குரொஸ்ஓவர் 1600 ஹேர்ட்ஸ். வூஃபருக்கு 0.50 மில்லிசெக்கன் தாமதம் கொடுத்தபோது வரைபடத்தின் கோடு சமனாக வந்தது. இரண்டும் ஒரே பலகையில் அறுத்த பெட்டிகள்தானே என்று அதே எண்களை இடது பெட்டிக்கும் படியெடுத்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டேன். இடப்பக்கத்தில் நாகசுவரம் குடத்துக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்டது.

ஜூலை 3

இடது காது இன்றும் திறக்கவில்லை.

ஜூலை 4

பெட்டிகளை இடம் மாற்றி வைத்துக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுமே என்று மருமகன் சொன்னான். பாரமான பெட்டி, உன் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்று பதில் சொன்னேன். பதினேழு வயதுப் பிள்ளையின் இடுப்பில் எனக்கு அப்படியொரு அக்கறை. மாற்றி வைத்த பின்னும் குடம் இடப்பக்கத்திலேயே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.

ஜூலை 6

வீட்டு மண்டபத்துக்குள் இடது பெட்டியை அளந்து பார்த்தேன். வரைபடம் முழுவதும் மேடும் பள்ளமுமாக இருந்தது. சுவரிலும் சீமெந்துத் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியோடு மோதி ஆங்காங்கே அதை அழித்துவிடுவதால், 1600இல் தெரிந்த பள்ளம் பெட்டியினுடையதா வீட்டினுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரால் அந்த இடத்தில் 3 டெசிபெல் ஏற்றினேன், பிறகு 6, பிறகு 9. பள்ளம் அசையவில்லை. 9 டெசிபெல் என்றால் அம்பிளிஃபயரிடம் எட்டு மடங்கு வாட் கேட்பதாகும். கயிறிழுத்தல் போட்டியில் இருபக்கமும் சமமான வலு இருக்கும்போது, இரு பக்கத்தாருக்கும் ஒரே அளவு சோறு கூட்டிப் போட்டால் நடுமுடிச்சு நகராது. ஒன்றையொன்று அழிக்கும் இரண்டு ஒலிகளை ஈக்குவலைசரால் உயர்த்துவதும் அதைப் போன்றதுதான். இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

மனைவி வந்து, சாமத்தில் அளப்பதற்காக ஒலிக்கவிடும் இந்தச் சீழ்க்கையை இன்னும் எத்தனை முறை கேட்க வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அது இரண்டு காதிலும் ஒரே மாதிரிக் கேட்டிருக்கும்.

ஜூலை 7

பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. மௌனத்தில் காதின் இரைச்சல் தெளிவாகக் கேட்கிறது. அது எந்த அதிர்வெண் என்று கண்டுபிடிக்கக் கைப்பேசியில் ஒவ்வொரு தொனியாகப் போட்டு ஒப்பிட்டேன். 4000க்கு அருகில். ஏன் இதைச் செய்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 9

கச்சான் காற்று கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு திருகோணமலை டச்சுக் குடாக் கரையோரமாக இருக்கும் சீமெந்துத் தளத்துக்குப் பெட்டிகளைக் கொண்டு போனோம். பெட்டியைத் தரையில் கிடத்தி, மைக்கையும் தரையோடு தரையாக வைத்துவிட்டால் தரையிலிருந்து தெறிக்கும் ஒலியும் நேரே வரும் ஒலியும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அளவு 6 டெசிபெல் கூடித் தெரியுமே தவிர, தெறிப்பினால் உண்டாகும் பொய்ப் பள்ளம் எதுவும் வராது. சுற்றிலும் சுவர் இல்லாத இடத்தில் இதைவிட நேர்மையான அளவை நான் அறியேன்.

மூன்றாவது அளவெடுப்பின்போது கோட்டைப் பக்கமிருந்து இரண்டு புள்ளிமான்கள் வந்து நின்றன. சீழ்க்கை தாழ்ந்த ஒலியிலிருந்து ஏறிக்கொண்டே போக, அவற்றின் நான்கு காதுகளும் ஒன்றாகப் பெட்டியை நோக்கித் திரும்பின. நல்ல காதுகள்.

வலது பெட்டியின் கோடு ஏறக்குறைய நேராக வந்தது. இடது பெட்டியில் 1600 ஹேர்ட்ஸில் 22 டெசிபெல் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. மருமகன் முகம் வாடி நின்றான். எனக்கோ ஏதோ பரிசு விழுந்ததைப் போல இருந்தது. மைக்கிற்கு என் காது இல்லை. பள்ளம் பெட்டியில்தான் இருக்கிறது.

ஜூலை 10

வைத்தியசாலையில் 14ஆம் திகதி காலைக்கு எண் கிடைத்திருக்கிறது.

ஜூலை 11

1600 ஹேர்ட்ஸின் ஓர் அலைக்கு 0.625 மில்லிசெக்கன். அரை அலைக்கு 0.31. இந்த இரண்டு எண்களையும் பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செய்ய வேண்டியதை, அதாவது முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: அளவு நாடாவை எடுத்தேன். ஹோர்னின் பின்னால் இருந்து அதிரும் தகடான டயபிரம், வூஃபரின் சுருளை விட ஏறக்குறைய 7 சென்ரிமீட்டர் பின்தள்ளி இருக்கிறது. நம்முடைய 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு 349 மீட்டர் போகும். ஆகவே 7 சென்ரிமீட்டருக்கு வேண்டிய தாமதம் 0.20 மில்லிசெக்கன். நான் கொடுத்திருந்ததோ 0.50. மிகுதி 0.30, ஏறக்குறைய அரை அலை.

வலது பெட்டியைத் திறந்தேன். ஹோர்னுக்குப் போகும் சிவப்புக் கம்பி கறுப்பு முனையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. என் கை. துருவம் தலைகீழாக இருந்த பெட்டியில் அரை அலை கூடுதலாகத் தாமதித்தால் இரண்டு தவறுகள் சேர்ந்து குரொஸ்ஓவர் இடத்தில் சரியானதைப் போலக் காட்டும். அந்தத் தவறான எண்ணைத்தான் சரியாகக் கம்பி பூட்டிய இடது பெட்டிக்குக் கொடுத்து, அது குடத்துக்குள் பாடுகிறது என்று ஒன்பது நாட்களாக அதன்மேலும் என் காதின்மேலும் பழி போட்டிருக்கிறேன். நன்றாகக் கேட்டதாக நான் நம்பிய பெட்டிதான் பிழையான பெட்டி.

ஜூலை 12

கம்பியை மாற்றிப் பற்றவைத்து, இரண்டுக்கும் 0.19 மில்லிசெக்கன் தாமதம் கொடுத்தேன். சரி பார்ப்பதற்காக டி.எஸ்.பி.யில் ஹோர்னின் துருவத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தேன். 1600இல் கிணறு போல 30 டெசிபெல் இறங்கியது. மீண்டும் மாற்றினால் கோடு நேராகிவிடுகிறது. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையிலிருந்து, ரஸ் ரைலியின் பெயரையும் சேர்த்து அழைக்கப்படும் இந்தக் குரொஸ்ஓவர் வடிகட்டியின் அழகு இதுதான்: எல்லையில் இரு பக்கமும் 6 டெசிபெல் தாழ்ந்து, அலையின் ஏற்ற இறக்கம் ஒன்றாக, ஒரே கட்டத்தில் நின்று, கூட்டினால் முழுமையாகின்றன. எதிர்த்து நிறுத்தினால் எவ்வளவு ஆழமாக அழிகின்றனவோ, சேர்த்து நிறுத்தும்போது அவ்வளவு நன்றாக ஒத்துப்போகின்றன என்று பொருள்.

நாகசுவரம் குடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆனால் மேல்பக்கம் எனக்கு இன்னும் மந்தமாகவே பட்டது. சீவாளியின் நுனி கேட்கவில்லை. 4000இல் 5 டெசிபெல் ஏற்றினேன். இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்றேன். மருமகன் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மாமா, பல் கூசுற மாதிரி இருக்கு" என்றான். மைக்கின் கோட்டைப் பார்த்தேன். ஏற்றுவதற்கு முன்பு அது அந்த இடத்தில் நேராகத்தான் இருந்தது.

ஏற்றியதை எடுக்கவில்லை.

ஜூலை 14

சிறிய அறை, தடித்த கதவு, தலையில் ஹெட்ஃபோன். கேட்டால் பொத்தானை அமர்த்த வேண்டும். கேட்காத நேரங்களில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பிள்ளையின் கை அசைவதைப் பார்த்து அமர்த்திவிடலாமா என்று ஒருமுறை எண்ணியது உண்மை.

தாளில் வலது காதுக்கு வட்டம், இடது காதுக்குப் பெருக்கல் குறி. 250, 500, 1000, 2000 வரை இரண்டும் அருகருகே நடந்து, 4000இல் பெருக்கல் குறி 55 டெசிபெல் வரை விழுந்து, 8000இல் 40க்கு ஏறுகிறது. வட்டமும் அதே இடத்தில் 35க்கு இறங்கியிருக்கிறது. வாழ்நாளில் இத்தனை வரைபடங்கள் பார்த்தவனுக்கு இதை வாசிக்க யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாளில் 1600 என்ற இடமே இல்லை.

வைத்தியர் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை ஆண்டுகள் என்று கேட்டார். 26 என்றேன். உட்காதின் மயிர்க்கலங்கள் போனால் மறுபடி முளைப்பதில்லை என்று அமைதியாகச் சொன்னார்.

ஜூலை 15

பழைய மடிக்கணினியைத் திறந்து, சேமித்து வைத்திருந்த அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 2016இல் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குச் செய்தது: 4000இல் 2 டெசிபெல் ஏற்றம். 2019, கல்யாண மண்டபம்: மூன்றரை. 2023, கோயில்: 6. மண்டபம் வேறு, பெட்டி வேறு, அம்பிளிஃபயர் வேறு. மாறாமல் தொடர்ந்து வந்து ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது அந்த ஒரு மேடுதான். என் காதில் பள்ளம் எவ்வளவு ஆழமாகியதோ, அவ்வளவு மண்ணை ஊராருடைய காதில் கொட்டியிருக்கிறேன்.

அந்தக் கல்யாணத்தில் மூன்றாம் வரிசையில் இருந்த ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் மொத்த ஒலியையும் குறைத்தேன். பேச்சு கேட்கவில்லை என்று பின்வரிசையிலிருந்து சொன்னார்கள். மறுபடி கூட்டினேன். அம்மா எழுந்து போய்விட்டார். குறைத்திருக்க வேண்டியது எது என்று இப்போது தெரிகிறது.

நியோஷ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100இல் கால் மணி நேரம்தான். 3 டெசிபெலுக்கு வாட் இரட்டிப்பாகும் என்ற கணக்கை நித்திரையிலும் சொல்பவன், இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

ஜூலை 16

4000இல் ஏற்றியதை எடுத்துவிட்டேன். எனக்கு மந்தமாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 17

வூஃபர் 300 வாட், 8 ஓம். 49 வோல்ட் வரை தாங்கும். அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரை 40 வோல்ட்டில் நிறுத்தினேன், அது 200 வாட். பெட்டியின் குழாய் 46 ஹேர்ட்ஸில் இசைந்திருக்கிறது. அதற்குக் கீழே வூஃபரின் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லாததால் 42க்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி. இவை கண்ணாலும் மீட்டராலும் செய்யும் வேலைகள். இன்று முழுவதும் மனம் நன்றாக இருந்தது.

ஜூலை 18

கோயிலில் பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. கடைசிச் சரிபார்ப்புக்கு மருமகனை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, நான் மேசையடியில் இருந்தேன். அவன் கையை உயர்த்தினால் கூட்டுவது, தாழ்த்தினால் குறைப்பது என்று ஏற்பாடு. 2500இல் கையைச் சற்றே தாழ்த்தினான்; ஒன்றரை டெசிபெல் குறைத்தேன். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. சரியா என்று கேட்டேன். தூரத்திலிருந்து ஏதோ சொன்னான். இடப்பக்கமாக இருந்ததால் விளங்கவில்லை. எழுந்து அவனிடம் போய் மறுபடி கேட்டேன். "சரி மாமா, இதில கை வைக்காதேங்கோ" என்றான்.

நாளை ஐந்து மணிக்குப் பூசை. நீளமான கேபிளை வண்டியில் ஏற்ற மறக்கக் கூடாது.