மழைநீர்க் குழாயில் தொடங்கும் இடிப்பு

சென்னை அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரியும் முனையில் நிற்கிறது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897இல் ஒரு மருந்து நிறுவனத்துக்காகக் கட்டியது. 2006இல் இதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய் நிறுத்தியது. இடிக்கக் கூடாது என்று 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் போனது போனதுதான்.

இப்படிப்பட்ட கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் விழும் வார்த்தை, "வலுவிழந்துவிட்டது". எப்படி வலுவிழந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் கோளாறு மேலே, மொட்டைமாடியில்தான் ஆரம்பிக்கிறது.

நம் ஊர்ப் பழைய கட்டடங்களின் கூரை மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடிக்குள் ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் 1 அங்குல கனமுள்ள சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில், கட்டைக்குக் குறுக்குச் சாய்வாக, ஒரு மூலையிலிருந்து சுண்ணாம்புக் காரையில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன் மேல் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி: 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். அடித்த இடத்தில் தடம் விழாமல் கட்டை எகிறினால்தான் பதம். கடைசியாக, தட்டோடு எனப்படும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள்.

இந்தக் கூரை நூறு வருடம் தாங்கும். கைப்பிடிச் சுவரோரம் இருக்கும் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் தாங்காது. தண்ணீர் தேங்கி, தட்டோட்டு இடுக்கு வழியே இறங்கி, தேக்குக் கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் போய் உட்காரும். அந்த இடத்துக்குக் காற்றும் கிடையாது, வெயிலும் கிடையாது. நுனி இற்று, கரையானும் சேர்ந்துகொள்ளும். கீழிருந்து பார்த்தால் கட்டை முழுசாகத் தெரியும். சுவரை ஒட்டி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கும்.

ஒழுகியதும் செய்யும் தப்புதான் கட்டடத்தைக் கொல்கிறது. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு ஓடு, சிமென்ட் பூச்சு, அப்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி. எடை ஏற ஏறக் கட்டை வளையும். வளைந்த இடம் பள்ளமாகி மறுபடி தண்ணீர் தேங்கும். அடுத்த மழைக்கு ஒரு துண்டு கூரை விழுந்தால், "வலுவிழந்துவிட்டது" என்ற சான்றிதழ் தயார்.

சரிசெய்வது முடியாத வேலை அல்ல. கீழே இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டு, மேலிருக்கும் எடையை முழுதும் இறக்க வேண்டும். இற்றுப்போன நுனியை நல்ல மரம் வரும்வரை வெட்டி, புதுத் தேக்குத் துண்டை வைத்து இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்கலாம். சுவருக்குள் போகும் நுனியைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள். அதை அடைத்துப் பூசினால் பத்து வருடத்தில் அதே கதை.

சுவரில் சிமென்ட் பூசக் கூடாது. இதைக் கொத்தனாரிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பைச் சில வாரமாவது தண்ணீருக்குள் ஊறப்போட்டு, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, அவசரப்படுத்த முடியாது.

சுவரில் முளைத்த அரசங்கன்றை வெறுமனே வெட்டினால் அடுத்த மழையில் இரண்டாக வரும். வேரைக் கொன்று, காயவிட்டு, சுற்றியுள்ள கல்லைப் பிரித்து, வேரை எடுத்தபின் மறுபடி கட்ட வேண்டும். 2012இல் தீயில் கூரை போன சேப்பாக்கம் கலச மகாலையே, அந்தப் பழைய நவாப் அரண்மனையையே, மீட்டெடுத்தார்கள். ஒழுகும் கட்டடம் எம்மாத்திரம்?

உண்மையான சண்டை சதுர அடியில் இருக்கிறது. 10 கிரவுண்டு என்றால் 24,000 சதுர அடி. முற்றமும் தாழ்வாரமும் வைத்த இரண்டடுக்குப் பழைய கட்டடம் அந்த மனை அளவைக்கூட எட்டாது. தமிழ்நாட்டின் 2019 விதிகளில் உயரமான கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 3.25, அதே மனையில் 78,000 சதுர அடி எழுப்பலாம். இந்த வித்தியாசத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு கலையழகைப் பற்றி மட்டும் பேசினால் உரிமையாளர் காதில் ஏறாது, அவரைக் குறைசொல்லவும் முடியாது. கட்டாமல் விட்ட சதுர அடியை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்கும் உரிமையைக் கொடுக்க வேண்டும். மும்பையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கு இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் விற்ற பணத்தில் முதல் பங்கு அதே கட்டடத்தின் கூரைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை அவசியம். இல்லாவிட்டால் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டடத்தை ஒழுகவிடுவார்கள்.

இப்படி ஒரு கட்டடம் உங்கள் பொறுப்பில் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடிக்குப் போங்கள். ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கீழே ஒருவரை நிறுத்தி, அத்தனையும் வந்து விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.