மூன்று வருடக் கணக்கு

ஏசி மெக்கானிக்குகளுக்கு நான் எடுக்கும் பயிற்சி வகுப்பில் கிகாலி அட்டவணையை, அதாவது பூமியைச் சூடாக்கும் குளிரூட்டும் கேஸ்களைக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்ட கால அட்டவணையை, சொல்லும்போது பெரும்பாலும் யாரும் குறுக்கே பேசுவதில்லை. இப்போது ஏசிகளில் ஓடும் எச்எஃப்சி கேஸ்களின் அளவு 2028ல் இந்தியாவுக்கு மேலே உயராமல் நிறுத்தப்படும், 2032ல் 10 சதவீதம் குறையும், 2037ல் 20, 2042ல் 30, 2047ல் 85. மெக்கானிக்குகள் குறித்துக்கொள்வார்கள். அடுத்த நிமிடமே ஆர்-32 கேஸ் தீப்பிடிக்குமா, ஆர்-290 (புரொப்பேன்) போட்ட மெஷினில் நெருப்பு வைத்துக் குழாய் ஒட்டும் பிரேசிங் செய்யலாமா என்று பேச்சு மாறிவிடும். அவர்களுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் நானும் இழுத்துப் பிடிப்பதில்லை.

அன்று அம்பத்தூர் வகுப்பில் ஒருவர் மட்டும் அட்டவணையை விட்டு நகரவில்லை. என்னைவிட வயதில் மூத்தவர். ஃப்ரிட்ஜில் ஆர்-12 என்ற பழைய கேஸ் ஓடிய காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர், இப்போது திருவொற்றியூர் பக்கம் சொந்தமாக சர்வீஸ் பார்க்கிறார்.

"எதுலேந்து பத்து பர்சன்ட் மேடம்?"

சொன்னேன். 2024, 2025, 2026 ஆகிய மூன்று வருட எச்எஃப்சி பயன்பாட்டின் சராசரியை எடுப்பார்கள். அதோடு ஆர்-22 போன்ற, எச்எஃப்சி-க்கு முந்தைய தலைமுறை எச்சிஎஃப்சி கேஸ்களுக்கு முன்பே நிர்ணயித்த அடிப்படை அளவில் 65 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். அதுதான் பேஸ்லைன், குறைப்பதெல்லாம் அதிலிருந்துதான். கணக்கு கிலோவில் இல்லை, கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான டன்னில். அவர் தலையாட்டினார். நான் கேஸ் ரெகவரிக்குப் போனேன். பழைய கேஸைக் காற்றில் விடக்கூடாது, மெஷின் வைத்து சிலிண்டரில் ஏற்ற வேண்டும், சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் கையைத் தூக்கினார்.

"இந்த மூணு வருஷம் நாங்க கேஸை மிச்சம் புடிச்சா, அப்புறம் நாட்டுக்குக் கெடைக்கிற அளவு கொறையுமா மேடம்?"

"கணக்குப்படி பார்த்தா குறையும்தான் அண்ணா. ஆனா நீங்க மிச்சம் பிடிக்கிற ஒண்ணு ரெண்டு சிலிண்டர் நாட்டோட சராசரியை அசைக்காது."

"அப்ப அதைக் காத்துல விட்டாலும் உலகத்தை அசைக்காதுல்ல மேடம்?"

அவர் குரலில் கிண்டல் இல்லை. நான் சொன்னதை அப்படியே வாங்கி, வேறு எங்கே பொருந்துகிறது என்று வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். "அது வேற அண்ணா" என்றேன். "சரி மேடம்" என்றார். செய்முறைக்கு நேரமாகிவிட்டது, எல்லோரும் எழுந்து போனோம்.

வேறதானா? அதற்கப்புறம் இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில், அவர் எதை மனதில் வைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். சென்னையில் கடலோரமாக ஏசி பார்ப்பவர்களுக்கு கேஸ் நிரப்புவதுதான் கோடை வருமானத்தின் பெரும்பகுதி. திருவொற்றியூரோ பெசன்ட் நகரோ, உப்புக் காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலைத் தின்றுகொண்டே இருக்கிறது. அலுமினியத் தகடுகள் தொட்டாலே உதிரும். செம்புக் குழாய் வளைவில் எண்ணெய்க் கசிவு கறுப்பாகப் படிந்திருக்கும், லீக் அங்கேதான். காயிலை மாற்றச் செலவாகும் என்பதால் வீட்டுக்காரர் "இப்போதைக்கு கேஸ் மட்டும் போட்டுடுங்க" என்பார். வருடா வருடம் ஒரே மெஷினில் அதே கேஸ். மெஷினைக் கழற்றி வேறு வீட்டுக்கு மாற்றும்போது, கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் பம்ப் டவுன் வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள், குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைத் தளர்த்திக் கேஸைக் காற்றில் விட்டுவிடுவார்கள். சீறல் சத்தம், நட்டின் மேல் வெள்ளையாகப் பனி, விரலில் கொஞ்சம் எண்ணெய். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ரெகவரி மெஷினையும் சிலிண்டரையும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனால் அரை நாள் போய்விடும், கூலி மட்டும் அதேதான். அப்படிப் பிடித்த கேஸை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் கேட்பார்கள். வகுப்பில் அதற்கு நான் சொல்லும் பதில் எனக்கே போதுமானதாகப் படுவதில்லை.

ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் போனால் இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போனதற்குச் சமம். கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், அதன் வெப்பமூட்டும் திறன் எண் 2088. ஆர்-22க்கு 1810, ஆர்-32க்கு 675. இவற்றை போர்டில் எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அன்றும் அமைதியாகத்தான் இருந்தது. அவர் கேட்டது அந்த எண்களையெல்லாம் உள்வாங்கிக்கொண்ட பிறகுதான். அதனால்தான் "விவரம் தெரியாமல் கேட்கிறார்" என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த பேஸ்லைன் எனக்கு வெறும் பாடம் இல்லை. கிகாலிக்கு முந்தைய வருடங்களில் நான் கிண்டியில் ஒரு அலுவலகத்தில், தொழில்துறை சார்பில் விவரங்கள் தொகுக்கும் குழுவில் இருந்தேன். எங்கள் குறிப்புகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: அடிப்படை ஆண்டுகள் தள்ளிப் போக வேண்டும். 2015ல் இந்தியா முன்வைத்த திருத்தத்தில் 2028 முதல் 2030 வரையிலான சராசரியைத்தான் கேட்டது. நான் அதை மனதார நம்பினேன், இன்றும் நம்புகிறேன். 2019ல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல் திட்டத்தின்படி அப்போது ஏசி இருந்த வீடுகள் 8 சதவீதம்தான். வளர்ந்த நாடுகள் தங்கள் வீடுகளையும் கார்களையும் கடைகளையும் குளிரூட்டி முடித்த பிறகு, 2011 முதல் 2013 வரையிலான சராசரியை அடிப்படையாக எடுத்துக்கொண்டன. நிறையப் பயன்படுத்தியவருக்கு நிறைய அனுமதி. நம் ஊரில் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுப்பவர் இன்னும் ஏசியே வாங்கவில்லை. அவர் வாங்கப்போகும் நாளுக்கான இடத்தை இப்போதே அடைத்துவிடாதீர்கள் என்பதுதான் எங்கள் வாதம்.

2016 அக்டோபர் 15 அதிகாலையில் ருவாண்டாவின் கிகாலியில் உடன்பாடு வந்தபோது வளரும் நாடுகளை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சீனா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளுக்கு 2020 முதல் 2022 வரை அடிப்படை, 2024லேயே அளவு உயராமல் நிறுத்தம். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், வளைகுடா நாடுகள் ஆகியவற்றுக்கு 2024 முதல் 2026 வரை. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனால் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஒப்பந்தத்தில் பேஸ்லைன் புதிதும் இல்லை. 1987ல் ஓசோன் படலத்தைக் காக்க மான்ட்ரியல் உடன்படிக்கை வந்ததிலிருந்து இதே முறைதான். வளரும் நாடுகளுக்கு ஆர்-12 போன்ற சிஎஃப்சி கேஸ்களில் 1995 முதல் 1997 வரை அடிப்படை, 2010ல் முற்றிலும் நிறுத்தம். எச்சிஎஃப்சி-க்கு 2009, 2010 சராசரி. ஓசோனைத் தின்னும் கேஸ்களை இப்படிப் படிப்படியாகத்தான் இறக்கினார்கள், அது வேலை செய்தது. எச்எஃப்சி ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் அவற்றின் இடத்தில் வந்து உட்கார்ந்து பூமியைச் சூடாக்குகிறது. அதனால்தான் இதே உடன்படிக்கைக்குள் இதையும் கொண்டுவந்தார்கள். ஏதோ ஒரு கோடு கிழித்தால்தான் குறைப்பதைப் பற்றிப் பேசவே முடியும். கோடு கிழிக்கப்போகும் வருடங்கள் முன்கூட்டியே தெரிந்தால், அந்த வருடங்களில் அளவு உயர்வதில் ஒரு லாபமும் வந்துவிடுகிறது. இது எங்களுக்கெல்லாம் தெரியும். வெளியே யாரும் சொல்வதில்லை. அந்த அண்ணன் சொன்னார்.

இது வெறும் கற்பனைப் பயம் என்றும் தள்ளிவிட முடியாது. ஆர்-22 தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கேஸ் உபரியாக வரும், அதன் எண் 14,800. அதை எரித்து அழித்தால், விற்றுப் பணமாக்கக்கூடிய கார்பன் கிரெடிட் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். அழிப்பதில் வந்த வருமானத்துக்காகவே சில ஆலைகள் உற்பத்தியைக் கூட்டின என்ற புகார் எழுந்து, ஐரோப்பிய யூனியன் 2013ல் அந்த கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் நிறுத்தியது. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மனிதர்கள் நடப்பார்கள் என்பதற்கு இந்தத் துறைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

சரி, அவருக்கு நான் என்ன சொல்லியிருக்கலாம்?

ஆர்-22 என்றால் பதில் சுலபம். அதன் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, மிச்சம் பிடித்தால் முழுக்க லாபம். சிக்கல் 410ஏ, 134ஏ, 32 ஆகிய எச்எஃப்சி கேஸ்களில்தான். அங்கேயும், ஒப்பந்தத்தில் பயன்பாடு என்றால் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தது. மெக்கானிக் காற்றில் விட்டாரா பிடித்து வைத்தாரா என்பதை அந்தக் கணக்கு நேராகப் பார்ப்பதில்லை, மறுபடி வாங்கும்போதுதான் அது தெரியும். சராசரியைத் தீர்மானிப்பது ஆலைகளும் இறக்குமதியாளர்களும் புதிதாக விற்கும் மெஷின்களும்தான். அப்படியென்றால் "உங்கள் சிலிண்டர் அசைக்காது" என்று நான் சொன்னது உண்மை. ஆனால் அவரைத் தனி ஆளாகப் பார்த்துப் பேசியது நான்தான். காற்று விஷயத்துக்கு வந்ததும் ஊரில் உள்ள எல்லா மெக்கானிக்குகளையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதும் நான்தான். ஒரே மனிதரை ஒரு கணக்கில் தனியாளாகவும் மற்றதில் கூட்டமாகவும் எடுத்துக்கொண்டேன். அவர் பிடித்தது அதைத்தான்.

வேறொரு பதிலும் யோசித்து வைத்திருக்கிறேன். மிச்சம் பிடிக்கப் பழகிய ஊருக்கு 2032ல் தேவையே குறைவாக இருக்கும், அதனால் அனுமதி கொஞ்சம் குறைந்தாலும் வலிக்காது. லீக்கை அடைக்காமல் வருடா வருடம் ஊற்றும் ஊருக்கு எவ்வளவு அனுமதி கொடுத்தாலும் பத்தாது. இதைச் சொன்னபோது வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். எனக்கு முக்கால்வாசி திருப்திதான். இந்த வாதம் முழுக்கச் சரி என்றால், அடிப்படை ஆண்டுகளைத் தள்ளி வையுங்கள் என்று நாங்கள் அத்தனை குறிப்பு எழுதியிருக்க வேண்டியதில்லையே. சிக்கனத்தாலேயே சமாளிக்கலாம் என்றால், தகரக் கூரைக்காரருக்காக இடம் கேட்டது எதற்கு? இல்லை, அந்த இடம் உண்மையிலேயே தேவை என்றால், அந்த இடத்தைச் சுருக்கும் வேலையை மூன்று வருடமும் மாடிப்படி ஏறிச் செய்யச் சொல்லி ஒருவரிடம் எப்படிக் கேட்பது? இரண்டையும் நான் நம்புகிறேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்வேன்.

இந்தச் சந்தேகத்துக்கு நான் தேவைக்கு மேல் எடை கொடுக்கிறேனோ என்றும் சில சமயம் நினைப்பதுண்டு. அன்று வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு இது நினைவிலேயே இருக்காது. அவர்கூட ஒரு கணக்கு விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். ஆனால் செய்முறையின்போது ரெகவரி சிலிண்டரைத் தராசில் வைத்து எடை பார்த்து நிறுத்தியதில் அவர்தான் எல்லோரையும்விடக் கவனமாக இருந்தார். கேள்வியையும் கேட்டுவிட்டு வேலையையும் ஒழுங்காகச் செய்பவருக்குத்தான் நான் பதில் கடன்பட்டிருக்கிறேன்.

உடன் பயிற்சி தருபவர் பேஸ்லைன் பகுதியை எடுத்துவிடலாம் என்கிறார். மெக்கானிக்குகளுக்கு 2028 போதும், 2026 முடிந்துவிட்டால் சராசரி பூட்டப்பட்டுவிடும், அதற்கப்புறம் மிச்சம் பிடிப்பதும் நாட்டு நலனும் ஒரே பக்கம் வந்துவிடும், அதுவரை எதற்கு வீண் குழப்பம் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை. இப்போது வகுப்பில் உட்காரும் இருபத்தைந்து வயதுப் பையன்கள் 2047லும் கேஜ் பிடித்திருப்பார்கள். 85 சதவீதம் எதிலிருந்து குறைகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பேட்ச்சுக்கு அந்தப் பகுதியோடு இன்னொன்றையும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன்: பிடித்த கேஸை எடை போட்டு வாங்கிக்கொண்டு பணம் தரும் ஒரு இடம் நகருக்குள் வேண்டும் என்ற கோரிக்கை, மெக்கானிக்குகளின் கையெழுத்தோடு. திருவொற்றியூர் அண்ணனிடம் போனில் கேட்டேன். கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கேள்வியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.