எலும்பு வலியும் இரண்டாம் அம்பும்

மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய பிறகு எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே கொடியது, தியான வகுப்பொன்றில் ஓர் அம்மையார் சொன்னதுதான். "இது பழைய வினை, மாத்திரையால் தள்ளிப்போட்டால் அடுத்த பிறவியில் வட்டியோடு வரும்" என்றார், புத்தரே சொன்னதுபோல. புத்தர் அப்படிச் சொல்லவில்லை. பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குவது என ஏழு காரணங்களைச் சொல்லி, எட்டாவதாகவே வினையைச் சேர்த்து, எல்லா வேதனையும் முன்வினைப் பயன் என்பது தவறு என்று அவர் சீவகர் என்ற துறவிக்கு விளக்கியது புத்தரின் உரைத் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. யாராவது உங்களிடம் வினைக்கணக்குப் பேசினால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

வலி மருந்தான மார்ஃபினை எடுப்பது, மயக்கம் தரும் பொருள்களைத் தவிர்க்கச் சொல்லும் ஐந்தாம் சீலத்தை மீறுமா என்ற ஐயம் மட்டும் எனக்கு இருந்தது. சிங்கப்பூரில் செயின்ட் மைக்கேல்ஸ் சாலையிலுள்ள ஸ்ரீ லங்காரமய விகாரையில் கேட்டேன். உடை, உணவு, உறைவிடம் ஆகியவற்றோடு மருந்தையும் புத்தர் பிக்குகளுக்கே அனுமதித்திருக்கிறார் என்று ஒரு பிக்கு பதில் சொன்னதும் அந்தக் கவலை தீர்ந்தது.

மருந்து வாங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. என்னால் எழுந்து நிற்க முடியாத ஒரு நாளில் மகனை மருந்தகத்துக்கு அனுப்பினேன். என் அடையாள அட்டை இல்லையென்று முகப்பிலிருந்தவர் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து என்பதால் கேட்பதில் தவறில்லை, ஆனால் காலையில் தொலைபேசியில் விசாரித்தபோதே அதைச் சொல்லியிருக்கலாம். பிறரை அனுப்புவதாக இருந்தால் என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திரவ மார்ஃபின் குடித்தபின் வேலை செய்ய ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். அம்பு பற்றிய புத்தரின் உரையான சல்லத்த சூத்திரம் எனக்கு உதவியது அந்த அரைமணி நேரத்தில்தான். உடல் வலி முதல் அம்பு, அதன்மேல் மனம் எய்துகொள்வது இரண்டாம் அம்பு என்கிறது அது. "கல்லீரலுக்கும் போய்விட்டதோ, மகனின் ஓ நிலைப் பள்ளித் தேர்வுவரை இருப்பேனோ" என்பதுதான் என் இரண்டாம் அம்பு. அது வரும்போதெல்லாம் "அச்சம்" என்று பெயரிட்டுவிட்டுக் கவனத்தை இடுப்பு வலிக்குத் திருப்புவேன்: எரிகிறது, துடிக்கிறது, சற்றே தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. வலி பத்துக்கு எத்தனை என்று மருத்துவர் கேட்டால் நான் சொல்லும் எண் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இரவில் மகனை எழுப்பாமல் சமாளிக்க முடிந்தது.

சம்மணமிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். விழிப்புணர்வுத் தியானம் பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரம் நடப்பது, நிற்பது, உட்காருவதோடு படுத்திருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியையும் கேட்டு வாங்குங்கள், மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு எந்தச் சூத்திரமும் உதவாது.