பிளிண்ட் கப்டனின் வரைபடம்: மை கசியாத தாள் ஒருவழியாகக் கைகூடியது

நேற்று இரவு தாளின் முன்பக்கத்தில் தீவைக் கீறி முடித்தேன். இன்று காலை திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஒரு கோடுகூட ஊறி வரவில்லை. ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்' நாவலில் கடற்கொள்ளையன் பிளிண்ட் விட்டுப்போன புதையல் தீவு வரைபடத்தைச் செய்து கை சுட்டவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

எங்கள் குறும்படத்தில் கதையை இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். பழைய பங்களாப் பெட்டி ஒன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் வரைபடத்தைக் கண்டெடுக்கிறார்கள். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், வரைபடம் மட்டும் ஸ்டீவன்சன் சொன்னபடியே இருக்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஒன்பது மைல் நீளம், ஐந்து மைல் அகலம், எழுந்து நிற்கும் கொழுத்த டிராகன் போன்ற தீவு. சிவப்பு மையில் மூன்று சிலுவைக் குறிகள்: வடக்கே இரண்டு, தென்மேற்கே ஒன்று. இவ்வளவும் முன்பக்கம். உயர்ந்த மரம், ஸ்பை கிளாஸ் குன்றின் தோள், ஸ்கெலிட்டன் தீவு, பத்து அடி என்று வழி சொல்லும் வரிகள் பின்பக்கம். வில்லங்கம் இங்கேதான். இரண்டு பக்கமும் எழுதவேண்டும், இரண்டு பக்கத்தையும் கெமரா கிட்டப் போய்ப் பார்க்கும். முன்பக்க மை பின்பக்கத்தில் தெரிந்தால் காட்சி போச்சு.

தாளைப் பழசாக்கத் தேயிலைச் சாயம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். தேயிலைக்கு நடுவில் இருக்கிற நமக்கு அதில் என்ன கஷ்டம்? கஷ்டம் இருக்கிறது. நம்முடைய உயர்நிலத் தேயிலை குடிப்பதற்கு மணம், ஆனால் நிறம் பொன் மாதிரி வெளிறித்தான் வரும். தாளில் போட்டால் மஞ்சள் பூசினது போல நிற்கும். கறுத்த கபிலம் வேண்டுமென்றால் கீழே, 600 மீற்றருக்குக் குறைந்த நிலத்தில் விளைந்த தூள் வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வரும் டஸ்ட் தூளை நான் ஹட்டனில் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டில் அம்மா, "நம்ம தோட்டத்துத் தூள் இருக்க, வெளித்தூளா?" என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கோப்பியில் நனைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை, மணமும் போகாது. ஸ்டீவன்சன் ஸ்கொட்லாந்தின் பிரேமாரில் அந்தத் தீவைக் கீறிய 1881இல் இங்கே கோப்பி இலைநோயில் செத்துக்கொண்டிருந்தது, தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. அதனால் தேயிலைதான் பொருத்தம் என்பது என் கட்சி.

சாயம் காய்ச்ச எனாமல் பாத்திரம்தான். இரும்புச் சட்டி பட்டால் தாள் சாம்பல் நிறமாகிவிடும். துருப்பிடித்த குழாய்த் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும், புள்ளி புள்ளியாக. நான் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் பாவித்தேன். ஈரத் தாளை விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். இந்தத் தூத்தலில் வேறெங்கே காயப்போடுவது? அங்கே விளிம்புகள் முதலில் காயும். நடுவில் இருக்கும் சாயம் விளிம்புக்கு நகர்ந்து போய், ஓரமெல்லாம் கறுத்துக் கரை கட்டும். தூரிகையால் அப்படிப் பூசவே முடியாது.

இனித்தான் விஷயம். கடைத்தாளுக்கு மை ஊறாமல் ஒரு பசை ஏற்றித்தான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். கொதிக்கும் சாயத்தில் ஊறியதும் அந்தப் பசை தளர்ந்து, நார் பொருமிவிடும். அதற்குப் பிறகு எந்த மை வைத்தாலும் மரவேர் போலக் கிளைவிட்டு ஓடும். படம் கீறும் தடித்த கார்ட்ரிட்ஜ் தாளுக்கும் இதே கதிதான். போட்டோக்கொப்பித் தாள் பக்கமே போகாதீர்கள், நனைந்ததும் கிழியும். பின்னவலப் பக்கம் விற்கும் யானைச் சாணக் காகிதம் பார்க்க அழகு, ஆனால் நார் தடிப்பு, சிறிய எழுத்து நிற்காது.

ஆகவே போன பசையைத் திரும்ப ஏற்றவேண்டும். பருத்திச் சேலைக்குப் போடும் அதே சோற்றுக்கஞ்சி. துணியில் வடிகட்டி, தண்ணீராக்கி, பூசணம் பிடிக்காமல் ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்து, அகலத் தூரிகையால் இரண்டு பக்கமும் ஒரு பூச்சு. காய்ந்த பின் இன்னொன்று. தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் மடிக்கிற இடத்தில் உதிரும். மெல்லிசாக இரண்டு தடவை என்றால் மடித்தாலும் அசையாது. பிறகு தாளைக் கண்ணாடி மேல் விரித்து, பல்லாங்குழிச் சோழியின் முதுகால் தேய்க்கவேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி வழுக்கத் தொடங்கினால் மேற்பரப்பு மூடிவிட்டது. மூலையில் ஒரு சொட்டு மை வைத்துப் பாருங்கள்: உருண்டையாக நின்றால் எழுதலாம், பரவினால் இன்னொரு பூச்சு.

மையும் நானே செய்ததுதான். 1750 ஆகஸ்ட் 1 என்று பிளிண்ட் திகதி போட்ட வரைபடத்துக்கு அந்தக் காலத்து இரும்பு மைதானே வேண்டும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கருவேலம் பிசினும் டவுனில் நாட்டு மருந்துக் கடையில் ஒரே இடத்தில் கிடைத்தன. "என்ன தம்பி, யாருக்கு வயிற்று வலி?" என்று கேட்ட முதலாளி, மைக்கு என்றதும் கடுக்காயை நல்லதாகப் பொறுக்கித் தந்தார். கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் அன்னபேதியைக் கரைத்ததும் கறுக்கத் தொடங்கும். எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்டு விடிவதற்குள் கறுத்துவிடும். அன்னபேதியைக் குறைத்தே போடுங்கள். மிஞ்சிய இரும்பு தாளில் உள்ள தேயிலைச் சாயத்தையும் பிடித்துக்கொண்டு கோட்டைச் சுற்றிச் சாம்பல் வளையம் போடும். எழுதிய கையோடு பேனா முள்ளைக் கழுவிவிடுங்கள், அரித்துவிடும்.

ஸ்டீவன்சன் முதலில் கீறிய படம் பதிப்பகத்துக்குப் போய்த் தொலைந்துவிட்டது. பிறகு அவருடைய அப்பாவின் அலுவலகத்தில் திமிங்கிலம், பாய்க்கப்பல் எல்லாம் சேர்த்துப் புதிதாகக் கீறினார்கள். பிளிண்டின் கையெழுத்தைப் போட்டவர் அப்பாதானாம்! 1883 புத்தகத்தில் வந்தது அந்தப் படம்தான். ஆனாலும் தொலைந்துபோனதுதான் உண்மையான தீவு என்று ஸ்டீவன்சனுக்குக் கடைசிவரை மனக்குறை. அந்தத் திமிங்கிலங்களை நானும் விடவில்லை. வடகிழக்கு மூலையில் ஒன்று நீர் பீய்ச்சுகிறது. அதன் வாலை மட்டும் இன்னும் கொஞ்சம் திருத்தவேண்டும்.

பின்பக்க வரிகள் இன்னும் எழுதவில்லை. அதற்குள் மனம் சிவப்பு மைக்குப் போய்விட்டது. பதங்கி மரச் சீவலைப் படிகாரத்தோடு காய்ச்சினால் நல்ல சிவப்பு வருகிறது. ஆனால் இரும்பு மைக் கோட்டைத் தொட்டால் ஊதாவாகக் கறுக்கிறது. ஆகவே சிலுவைகளைக் கோடில்லாத வெற்றிடத்தில்தான் வைக்கவேண்டும். தென்மேற்குச் சிலுவைக்காக ஒரு ஓடையை நகர்த்தவேண்டி வரும்போல.

படப்பிடிப்பு மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது. மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர் வெளியே தெரிந்தால்தான் எங்கள் தீவுக்கு உயிர். 1950இல் டிஸ்னி எடுத்த வண்ணப்படத்தை மறுபடி பார்த்தோம். ரொபர்ட் நியூட்டன் ஒற்றைக்கால் கொள்ளையன் சில்வராக வரும் ஒவ்வொரு காட்சியிலும் கண் அவரை விட்டு அகலாது. நம்ம சில்வருக்கு ஊன்றுகோலைச் சவுக்கில் செய்வதா, கருப்பந்தேயிலை மரத்தில் செய்வதா என்று தகராறு நடக்கிறது. அது தனிப் பதிவு.

கடைசியாக ஒரு உதவி. நாவலில் அந்தத் தாளைப் பல இடங்களில் அரக்கு வைத்து, தையல் விரலுறையால் முத்திரை குத்தியிருப்பார்கள். எனக்குப் பித்தளை விரலுறை வேண்டும், குழிப் புள்ளிகள் தேயாததாக. ஹட்டனில் பிளாஸ்டிக்தான் தருகிறார்கள், சூடான அரக்கில் அது ஒட்டிக்கொள்ளும். கண்டி, பதுளைப் பக்கம் பழைய தையல் கடைகளில் யாராவது கண்டால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.